தேநீர் அறை, மூன்று அறை விடுதி: சேமநிதிப் பணத்தைப் போடுமுன் ஒரு கணக்கு

‘மலேசியாவுக்கு வருகை தாரும் ஆண்டு 2026’ பிரசாரம் சூடுபிடித்ததில் இருந்து கேமரன் மலை, ஈப்போ, தைப்பிங் பக்கங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பழைய வீடு ஒன்றைப் பிடித்துச் சாயம் பூசி, முன்கூடத்தில் நான்கு மேசை போட்டுத் தேநீர் விற்கலாம், உள்ளே இருக்கும் மூன்று அறைகளைச் சுற்றுப்பயணிகளுக்கு விடலாம், குடும்பம் ஓடிவிடும். 1990, 1994, 2007, 2014 ஆகிய வருகை ஆண்டுகளிலும் இத்தகைய பேச்சு எழாமல் இல்லை. ஆனால் அப்போது கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் போட்டு விருந்தினரை வரவழைக்கும் வசதி இப்போதைய அளவுக்கு இல்லை. விளம்பரச் செலவு இல்லை என்றதும் துணிச்சல் வந்துவிடுகிறது.

தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டு உழைத்துவிட்டு, 55 வயதில் ஊழியர் சேமநிதியைக் கையில் வாங்கும் தம்பதியரைத்தான் இந்தப் பேச்சு அதிகம் இழுக்கிறது. அந்தப் பணம் ஒருமுறைதான் வரும். ஆகையால் ஆசையைக் குறை சொல்வதைவிட, அதற்குள் இருக்கும் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதே பயனுள்ளது.

கேமரன் மலையையே எடுத்துக்கொள்ளலாம். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை, இப்போதைய கேமரன் வேலி, 1933-ல் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் வரிசை பிடித்து, கொழுந்து பறித்து, ஆலையில் உருட்டி உலர்த்தியவர்களில் தமிழர்களே பெரும்பகுதி. இன்று அந்தச் சரிவுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தைவிட்டு இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். வார இறுதியில் அதே சரிவைப் பார்க்கும்படி கண்ணாடி போட்ட கூடத்தில் உட்கார்ந்து, ஒரு குடுவைத் தேநீருக்கும் ஒரு துண்டு கேக்குக்கும் வரிசை பிடித்து நிற்கிறார்கள் நகரத்து மக்கள். கொழுந்தில் கிடைப்பதைவிட அந்த மேசையில் கிடைக்கும் காசு அதிகம். அந்த மேசைப் பக்கம் தமிழர்களும் போக வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை.

ஆனால் மேசை போட இடம் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சுற்றுலா அமைச்சின் ஹோம்ஸ்டே திட்டம் 1995-ல் பகாங், தெமர்லோவில் உள்ள டேசா மூர்னியில் தொடங்கியது. இன்று நகரத்தில் வீட்டை நாள்வாடகைக்கு விடுவதையும் எல்லாரும் ஹோம்ஸ்டே என்றே சொல்கிறார்கள். அமைச்சின் கணக்கில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு கிராமத்து வீடுகள் பல ஒன்றாகச் சேர்ந்து பதிவு செய்துகொண்டு, விருந்தினரைத் தங்கள் குடும்பத்தோடு தங்க வைப்பதுதான் அது. பதிவு பெற்றவை பெரும்பாலும் மலாய்க் கம்போங்களும் சபா, சரவாக் பூர்வகுடிக் கிராமங்களுமே. கம்போங் குடும்பத்துக்கு வீடும் அதைச் சுற்றிய நிலமும் சொந்தம். தோட்டத் தமிழனுக்கு நான்கு தலைமுறை வாழ்ந்த லயமும் கம்பெனிச் சொத்து. வேலை முடிந்த அன்று வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டியிருந்தது. விருந்தோம்பலில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். விருந்தினரை உட்கார வைக்கத் திண்ணை சொந்தமாக இல்லை, அவ்வளவுதான். சமுதாயத்தின் தொழில்முனைவைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் ஊக்கம் போதாது, துணிவு போதாது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. நிலத்தைப் பற்றிப் பேசாமல் ஊக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

ஆகவே இன்றைக்கு இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பட்டா. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலப் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று வகை பிரிக்கிறது. விவசாய நிலத்தில் உள்ள வீட்டை விடுதியாக்க வேண்டுமானால் பயன்பாட்டு வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டிவரும். அதற்கு மாதங்களும் பணமும் பிடிக்கும். இன்னொரு வகை நிலமும் உண்டு, டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். மறு ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தில் சேமநிதிப் பணத்தைக் கொட்டி அறை கட்டுவது, ஓர் ஆண்டுக் குத்தகையில் தென்னம்பிள்ளை நடுவது போல. ‘பக்கத்துக்காரர் பத்து வருஷமா இப்படித்தான் நடத்துகிறார்’ என்று தரகர் சொல்வது அதிகாரிகள் வந்து நிற்கும் அன்று உதவாது.

நகரத்துத் தரைவீட்டுக்காரருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குடியிருப்பு வீட்டை நாள்வாடகைக்கு விடுவது குறித்து ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. பினாங்குத் தீவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதற்குக் கடும் கட்டுப்பாடு வந்துவிட்டது. மன்றத்தின் முகப்பில் போய், முகவரியையும் பட்டா எண்ணையும் கொடுத்து, இந்த இடத்தில் தங்குவிடுதியும் உணவுக்கடையும் நடத்தலாமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். அதுவரை சாயக் கடைக்கே போக வேண்டாம்.

வாடகைக்கு எடுப்பவருக்குப் பட்டா கையில் இல்லை, ஒப்பந்தம்தான் பட்டா. வாய்ப்பேச்சில் ‘நம்ம ஆளுதானே’ என்று முடித்துக்கொள்வது இந்தச் சமுதாயத்தின் பழைய பழக்கம். ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் குளியலறை கட்டிக் கொடுத்து, மறு ஆண்டு வாடகை உயர்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு வருவதில் உறவும் போகும், பணமும் போகும். குறைந்தது மூன்றாண்டு, அதற்குப் பின் மேலும் மூன்றாண்டு நீட்டிக்கும் உரிமை, அதுவரை வாடகை எவ்வளவு உயரலாம் என்ற வரம்பு, இம்மூன்றும் முத்திரைத்தாள் ஏறிய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இனி எண்களுக்கு வரலாம். பின்வருவது எடுத்துக்காட்டுக்காகப் போட்ட கணக்கு. ஊருக்கு ஊர் மாறும்.

மூன்று அறை, ஓர் இரவுக்கு 120 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் விற்கக்கூடியவை 90 அறை-இரவுகள். கேமரன் மலையில் வெள்ளி, சனி இரவுகளும் பள்ளி விடுமுறையும்தான் நிறையும். திங்கள் முதல் வியாழன் வரை தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். சராசரியாக 30 இரவு விற்றால் வருவது 3,600 வெள்ளி. துணி வெளுப்பு, பசியாறல், மின்சாரம், சோப்பு என்று இரவுக்கு 25 வெள்ளி போட்டால் 750. இருபது இரவு இணையத் தளங்கள் வழி வந்ததாகக் கொண்டு, அவை எடுக்கும் தரகு 15 விழுக்காடு என்றால் 360. மிஞ்சுவது 2,490.

தேநீர் அறையில் ஒரு நாளைக்கு 25 பேர், ஆளுக்கு 8 வெள்ளி, மாதம் 26 நாள் என்றால் 5,200 வெள்ளி. பால், சர்க்கரை, மாவு, எரிவாயு எல்லாம் சேர்ந்து 35 விழுக்காடு போனால் கையில் நிற்பது 3,380.

இரண்டும் சேர்ந்து 5,870. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கழித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு முதல் இது கட்டாயம். முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, சொக்சோ எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,950. மீதி 3,920. வீடு வாடகைக்கு எடுத்தது, வாடகை 2,000 என்றால் மீதி 1,920. கணவனும் மனைவியும் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை நின்றால் கிடைப்பது இது. இருவரும் வேறு இடத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போனாலே மொத்தச் சம்பளம் 3,400. கடன் வாங்கியிருந்தால் இன்னும் மோசம். 50,000 வெள்ளிக் கடனை ஐந்தாண்டில் கட்ட, முதல் மட்டுமே மாதம் 833. இலாபம் சேர்ந்தால் ஆயிரத்தை நெருங்கும்.

ஆக, வாடகை வீடு, சம்பள ஆள், முழுக் கடன் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இந்தத் தொழில் நிற்காது. சொந்த வீடு, வீட்டு ஆட்களே வேலை, சிறு முதல் என்றால் நிற்கும்.

இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் இன்னோர் ஆள் உண்டு. ‘வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்ற வாக்கியத்தில் வேலை செய்வது பெரும்பாலும் மனைவிதான். படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, வடைக்கு அரைப்பது, இரவு பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டும் விருந்தினருக்குச் சாவி கொடுப்பது எல்லாம் அவர் தலையில் விழும். கடையின் இலாபம் என்று சொல்லப்படுவதில் பாதி, அவருக்குக் கொடுக்கப்படாத சம்பளம். ஆள் வைக்காததால் மிஞ்சும் 1,950 வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதைக் குடும்பத்தில் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது. தொடங்கும் முன் பேசாதவர்கள் இரண்டாம் ஆண்டில் சண்டையாகப் பேசுவார்கள்.

சேமநிதி வாரியம் 2024-க்கு அறிவித்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. அந்த வீதத்தில் 80,000 வெள்ளி சும்மா இருந்தாலே ஆண்டுக்கு 5,040, மாதத்துக்கு 420 வெள்ளி. அதை எடுத்து ஓடு மாற்றி, சுவருக்குக் கல் பதித்தால், அந்த அலங்காரம் மாதம் 420 வெள்ளியாவது கூடுதலாகச் சம்பாதித்துத் தர வேண்டும். தருமா என்று கேட்டுப் பார்த்தால் பல அலங்காரங்கள் வேண்டாதவை ஆகிவிடும்.

அழகுக்குப் பெரிய செலவு தேவையும் இல்லை. மலையில் இதற்கு 1930களிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது: ஆங்கிலேயர் பாணியில் கட்டிய ஸ்மோக் ஹவுஸ். ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜேமும் அங்கிருந்து மலை முழுக்கப் பரவிவிட்டன. அதையே நான்கு மேசைக் கடை காப்பியடித்தால் மலிவான நகலாகத்தான் தெரியும். தோட்டத்துக் குடும்பத்திடம் வேறு யாரிடமும் இல்லாத பொருள்கள் இருக்கின்றன. பரணில் கிடக்கும் மங்குக் கோப்பை, தூக்குச் சட்டி, கொழுந்துக் கூடை, தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு, லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சுவருக்கு வெள்ளைச் சாயம், மரச் சன்னல், வாசலில் காகிதப்பூச் செடி. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். கோலாலம்பூரிலிருந்து வரும் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வது இவற்றைத்தான்.

அதைவிடப் பெரிய முதல், தேயிலை தெரிந்த கை. பச்சைக் கொழுந்து நான்கைந்து கிலோ போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பதும், வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலித்துப் பிரிக்கும் வேலையில் எங்கே பிசகினால் சுவை கெடும் என்பதும் ஆலையில் வேலை செய்தவருக்குத் தெரியும். தே தாரிக்குக்குப் பொடித் தூள்தான் சரி. பாலில்லாமல் குடுவையில் பரிமாற இலை பெரிதாக உள்ள ரகம் வேண்டும் என்பதும் தெரியும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,440 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கீழே மூன்று நிமிடத்தில் இறங்கும் சாயம் மேலே இறங்க இன்னும் சற்று நேரம் பிடிக்கும். குடுவையை முன்கூட்டியே வெந்நீரில் சுட வைத்தால் குறை தீரும். இப்படி ஒரு விளக்கத்தோடு வைக்கப்படும் தேநீருக்கு 8 வெள்ளி கொடுப்பவர் முகம் சுளிப்பதில்லை. கோப்பைக்கு இரண்டரை கிராம் என்றால் ஒரு கிலோவில் 400 கோப்பை. தூளில் மிச்சம் பிடிப்பது போல முட்டாள்தனம் வேறு இல்லை.

அறைகளில் எங்கே செலவழிப்பது, எங்கே விடுவது என்பதையும் ஊரின் குளிரே சொல்லிவிடும். தானா ராத்தாவில் ஏர்கோன் வேண்டியதில்லை. மெத்தை, தடித்த போர்வை, தடையில்லாத சுடுநீர், நாற்றமில்லாத குளியலறை, இந்த நான்கில் கஞ்சத்தனம் கூடாது. மழைக்காலத்தில் விரிப்புகள் மூன்று நாளானாலும் காயாது. சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஆளுக்கு மூன்று செட் விரிப்போ, பக்கத்து டோபிக் கடையோடு ஓர் ஏற்பாடோ இல்லாமல் விடுமுறை வாரத்தில் அறை திறக்கக் கூடாது. பழைய வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் சுடுநீர் இயந்திரம் போடும்போது மின்கம்பி தாங்குமா என்பதைப் பதிவு பெற்ற மின்வினைஞரைக் கொண்டு பார்த்தாக வேண்டும். சாயத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது. படத்தில் தெரியாத செலவு என்பதால் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

பதிவுக் கட்டணங்கள் பெரிதல்ல. எஸ்.எஸ்.எம். பதிவுக்கு ஆண்டுக்கு, சொந்தப் பெயரில் என்றால் 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்ய வேண்டும். உணவுக் கூடத்தைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். சமைப்பவரும் பரிமாறுபவரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போய்வந்து, டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தங்குமிடத்தைச் சுற்றுலா அமைச்சில் பதிவதும் உண்டு. வெளிநாட்டினருக்கான சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி; 2017-ல் அது வந்தபோது நான்கு அறைக்கு மேற்படாத இடங்களுக்கு விலக்கு தரப்பட்டது. தங்குமிடச் சேவை வரி ஆண்டு வருமானம் ஐந்து இலட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான். மூன்று அறைக்காரர் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதுவது குற்றம். சைவக் கடை என்றால் சைவம் என்று தெளிவாக எழுதிவிட்டால் யார் வர வேண்டுமோ அவர்கள் வருவார்கள்.

கடன் வழிகளும் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. தெக்குன் வழங்கும் ஸ்பூமி கடன் பல ஆண்டாக இருக்கிறது. 2024-ல் அதன் மேல்படியாக 50,000 வெள்ளிக்கு மேல் ஓர் இலட்சம் வரையிலான ‘ஸ்பூமி கோஸ் பிக்’ வந்தது. பேங்க் ராக்யாட்டின் ‘பிரீஃப்-ஐ’, இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியாரின் ‘பெண்’ திட்டம் ஆகியவையும் அதே ஆண்டில் அறிமுகமாயின. ஓர் இலட்சம் கிடைக்கிறது என்பதற்காக ஓர் இலட்சம் கேட்க வேண்டியதில்லை. மேலே போட்ட கணக்கில் மாதத் தவணைக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் வாங்கத் தகுந்த கடன்.

இருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை மட்டும் ஒழுங்கு செய்து, தேநீரை வார இறுதியில் மட்டும் விற்று, ஒரு டிசம்பர் விடுமுறையையும் அதற்குப் பின் வரும் மந்தமான வாரங்களையும் பார்த்துவிட்டு இரண்டாம் அறைக்குப் போகும் குடும்பங்கள்தான் இதில் பிழைக்க வாய்ப்பு அதிகம். கேமரன் மலையில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் போய் இறங்கக்கூடிய ஈப்போவில் பழைய கடைவீடுகள் தேநீர்க் கடைகளாகவும் சிறு விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன. கல்லுமலைத் தைப்பூசத்துக்கு வெளியூர்க் கூட்டமும் உண்டு. மின்மினிப் பூச்சி பார்க்கக் கோலசிலாங்கூர் வருபவர்கள் இருட்டிய பிறகுதான் படகேறுகிறார்கள். அந்த நேரத்துக்குப் பின் நீண்ட தூரம் திரும்பிப் போக எல்லாருக்கும் மனம் இருப்பதில்லை. நம்மவர்கள் சொந்த வீட்டோடு வாழும் ஊர்கள் இவை. மலைக்காட்சி இல்லாவிட்டாலும் பட்டா இருக்கிறது.

பதிவு யார் பெயரில் என்பதையும் தொடங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். கணவன் பெயரில் மட்டும் பதிந்தால், பத்தாண்டு உழைத்த மனைவிக்கு வங்கியில் காட்ட ஒரு தாளும் இருக்காது. இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியலாம். சுயதொழில் செய்பவராக அவர் சொக்சோவில் சேர்ந்துகொள்ளலாம். சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே கட்டி வரலாம். கட்டும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசு சேர்த்துப் போடுகிறது. மாதம் 210 வெள்ளி கட்டினாலே அந்த 500 முழுதாகக் கிடைத்துவிடும். மேலே போட்ட கணக்கில் துணி வெளுப்புக்கும் எரிவாயுவுக்கும் ஒரு வரி இருப்பதுபோல, அந்த 210 வெள்ளிக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.